சாக்கு

பி.எட். இரண்டாம் ஆண்டில், பாகலூரைத் தாண்டியிருந்த ஓர் அரசுப் பள்ளிக்கு என்னைக் கற்பித்தல் பயிற்சிக்குப் போட்டார்கள். பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் போய்ச் சேர்ந்தேன். பையில் பாடக்குறிப்பு நோட்டை விட அதிகமாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை நட்சத்திர ஸ்டிக்கர்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் தங்கம், வெள்ளி, சிவப்பு என்று கட்டுக் கட்டாக வாங்கியிருந்தேன். வகுப்பறை மேலாண்மைத் தாளில் கல்லூரியிலேயே எனக்குத்தான் முதல் மதிப்பெண். அது போதாதென்று வெளிநாட்டு ஆசிரியர்களின் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். அவர்கள் கையை உயர்த்துவார்கள். உடனே பிள்ளைகளும் கையை உயர்த்தி வாயை மூடிக்கொள்வார்கள். எப்போது நமக்கு ஒரு வகுப்பு கிடைக்கும், எப்போது கையை உயர்த்துவோம் என்று எனக்குப் பரபரப்பாக இருந்தது.

எட்டாம் வகுப்பு பி பிரிவில் கையை உயர்த்தினேன். நாற்பது பேரும் மிகுந்த உற்சாகத்தோடு கையை உயர்த்தினார்கள். உயர்த்திக்கொண்டே பேசினார்கள்.

"மிஸ், எல்லாரும் ஒண்ணாவா பாத்ரூம் போறோம்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

என் வழிகாட்டி ஆசிரியை ஜன்னலோரம் உட்கார்ந்து வருகைப் பதிவை ஃபோனில் ஏற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்:

"டிரைனிங் மிஸ்ஸுங்க வந்தா மொத வாரம் ஸ்டாரு, ரெண்டாவது வாரம் சாக்லேட்டு, மூணாவது வாரம் குச்சி. நானும் வருஷா வருஷம் பாக்கறேன்மா."

"நான் குச்சி எடுக்க மாட்டேன் மேடம்."

"எடுக்காத. எடுத்தா எவனாச்சும் வீடியோ எடுத்துப் போட்டுடுவான்."

கடைசி வரை நான் குச்சியைத் தொடவில்லை. அதை ஒரு பெரிய விஷயமாகக் கொஞ்ச நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வகுப்பில் ஏற்கெனவே ஒரு முறை இருந்தது. ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்புத் தலைவி கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதி, அதற்குக் கீழே பெயர்களை எழுதுவாள். எழுதிய பிறகும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இன்னும் பேசினால் இன்னொன்று. நானும் அப்படிப்பட்ட பலகைகளைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனாலும் அதை ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததைப் போல எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் பெயர் வராத பெஞ்சுக்குத் தங்க நட்சத்திரம் என்று அறிவித்தேன். நான் இருக்கும்போதும் தலைவி எழுதலாம் என்று அனுமதி கொடுத்தேன். அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சாக்பீஸைக் கீழேயே வைக்க மாட்டாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு புதுப் பெண் வந்து சேர்ந்தாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட நான் தலைமை ஆசிரியை அறையில் நின்றிருந்த நேரம். அவளுடைய அம்மா ரோஜாப்பூ வளர்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்பவர். பத்து விரல்களிலும் முள் கிழித்த தழும்பு. இரண்டு விரலில் பிளாஸ்திரி.

"வருஷம் முடியற நேரத்துல கொண்டாந்து சேக்கறியேம்மா?" என்றார் தலைமை ஆசிரியை.

"இத்தினி நாளா எல்லைக்கு அந்தாண்ட அவங்க அத்தை வூட்ல இருந்துச்சுங்க மேடம். அவங்கப்பா தவறினதும் அங்கதான் வுட்டு வெச்சிருந்தேன். இப்பத்தான் கம்பெனி லைன்ல எனக்கு ஒரு ரூம் குடுத்தாங்க."

"இங்க ஒழுங்கா இருப்பாளா?"

"ஒரு கம்ப்ளைன்ட் வந்தாலும் திருப்பி அத்தை வூட்டுக்கே அனுப்பிடுவேன்னு சொல்லித்தான் கூட்டியாந்திருக்கேன். அங்க கைக்கொழந்த இருக்குது. பாத்துக்க இவளை அனுப்பு அனுப்புன்னு தெனமும் ஃபோனு."

பதின்மூன்று வயசுப் பெண், அம்மாவின் புடவைத் தலைப்பைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். இங்கே ஒட்டிக்கொண்டால் அம்மாவோடு இருக்கலாம், இல்லையென்றால் திரும்பப் போக வேண்டியதுதான். அது எனக்கு அங்கேயே புரிந்தது. புரிந்த கையோடு கையெழுத்தைப் போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடினேன். அம்மா நம்மூர்த் தமிழ் பேசியதால், பெண்ணும் அப்படியே பேசுவாள் என்று நினைத்துக்கொண்டேன். எதைக் கேட்டாலும் அவள் "சரி மிஸ்", "ஆமா மிஸ்" என்றுதான் சொன்னாள். அடக்கமான பெண் போலிருக்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி.

மூன்றே நாளில் அந்தத் திருப்தி போய்விட்டது. அவள் ஓயாமல் பேசினாள். சத்தமாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோழிக்கடைக்காரர் மகளிடம் கிசுகிசுவென்று. நான் ஒரு வாக்கியம் சொல்வேன். உடனே இவள் அந்தப் பக்கம் சாய்வாள், அவள் இந்தப் பக்கம் சாய்வாள். நான் திரும்பினால் இருவரும் நேராக உட்கார்ந்துகொள்வார்கள். பலகையில் இருவர் பெயரும் முதலில் ஏறின. அவள் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள் இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கின. அந்த பெஞ்சில் இருந்த மற்ற இரண்டு பெண்களும், "எங்க ஸ்டாரு இவங்களாலதான் மிஸ் போவுது," என்று முறையிட்டார்கள்.

பயிற்சிக் காலத்தில் பிரச்சினையுள்ள மாணவர் ஒருவரைப் பற்றித் தனியாள் ஆய்வு எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். ஆள் கிடைத்துவிட்டாள் என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. 'இடைவிடாத பேச்சு. பிறர் கவனத்தை ஈர்க்கும் முயற்சி. தந்தை இல்லாமை காரணமாக இருக்கலாம்' என்று முதல் பக்கத்தில் எழுதினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினேன். எழுதிய வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது.

திருப்புதலுக்காக விசையும் அழுத்தமும் பாடத்தை எடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. குண்டூசியைத் தெர்மாகோலில் கூர்முனையால் ஒரு முறை, தலைப்பக்கத்தால் ஒரு முறை குத்திக் காட்டினேன். அழுத்தம் என்று பெரிதாகப் பலகையில் எழுதினேன். மூன்றாவது பெஞ்சில் அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று மலர்ந்தது. பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்து உலுக்கி, "ஒத்தட! ஒத்தட!" என்றாள். கிசுகிசுப்பு என்றாலும் வகுப்புக்கே கேட்டது.

தவறான நடத்தையை நகைச்சுவையால் திருத்தலாம் என்று படித்திருந்தேன். இதுதான் சமயம் என்று தோன்றியது.

"யாருக்குடி அடிபட்டுச்சு? யாருக்கு ஒத்தடம் குடுக்கப் போற?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "சுடுதண்ணி கொண்டா, சுடுதண்ணி," என்றான் கடைசி பெஞ்சுக்காரன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வழிகாட்டி ஆசிரியை கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் இருவரையும் பிரித்தேன். கோழிக்கடைக்காரர் மகளை ஜன்னல் பக்கம் அனுப்பிவிட்டு, புதுப் பெண்ணை முதல் வரிசையில், என் மேசைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வைத்தேன். மருந்து சாப்பிட்டது போலப் பலன் தெரிந்தது. அவள் பேச்சு நின்றது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். பலகையில் அவள் பெயரே இல்லை. அவள் சட்டைப் பையில் நானே ஒரு வெள்ளி நட்சத்திரம் ஒட்டினேன். ஒட்டும்போது அவள் என் விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஆய்வேட்டில் 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று எழுதினேன்.

பேச்சோடு எழுத்தும் நின்றுபோயிருந்ததை நோட்டு திருத்தும் அன்றுதான் பார்த்தேன். தேதி இருந்தது, தலைப்பு இருந்தது. பலகையில் நான் வரைந்த படங்கள் அச்சு மாறாமல் இருந்தன. கேள்விகளுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பக்கம் பக்கமாக வெறும் கோடுகள். என் மீது கோபம், தனியாக உட்கார வைத்ததற்குப் பழிவாங்குகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வகுப்பின் முன்னால் நிற்க வைத்தேன்.

"ஏன் எழுதல?"

அவள் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுதறதுக்கு வேற யாராச்சும் வரணுமா? வீட்ல என்ன பண்ணின? டிவி பாத்தியா? அம்மா வேலைக்குப் போயிட்டா நீ என்னதான் பண்ணுவ? உங்கம்மா அவ்ளோ கஷ்டப்பட்டு உன்ன இங்க கொண்டாந்து விட்டிருக்காங்க. தெரியுமா, தெரியாதா? வாயத் தொறந்து சொல்லு. அந்த பெஞ்சுல மட்டும் அப்படிப் பேசின? இப்ப பேசு."

நான் கத்தவில்லை. கத்தக் கூடாது என்று படித்திருந்தேன். தாழ்ந்த குரலில், நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அது கத்துவதை விட மோசம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"சாக்கு மிஸ்."

பின்னால் இரண்டு மூன்று பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

"என்னது? சாக்கா? நான் கேக்கறது உனக்குச் சாக்கா? நீ சொல்றதுதான் சாக்கு!"

"சாக்கு மிஸ், சாக்கு," என்றாள் மறுபடியும், இரண்டு கையையும் கூப்பாத குறையாக. இப்போது வகுப்பே சிரித்தது. முகம் சூடேறுவது எனக்கே தெரிந்தது. என் வகுப்பு என் கையை விட்டுப் போகிறது என்ற பயம். எந்தத் தாளிலும் படிக்காத, எல்லா ஆசிரியர்களும் சொல்கிற ஒரு வாக்கியம் தானாக வாயில் வந்தது.

"நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிட்டு வா. கூட்டிட்டு வந்தாத்தான் கிளாசுக்குள்ள வரணும்."

இந்த வாக்கியத்தை மட்டும் அவள் முழுசாகப் புரிந்துகொண்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வீம்பு பிடிக்கிறாள், இறங்கி வருவாள் என்று வழிகாட்டி ஆசிரியையிடம் சொன்னேன். அவர், "ரெண்டு நாள்ல வந்துடும்மா, எங்க போவப் போவுது," என்று அடுத்த வகுப்புக்குக் கிளம்பினார். நான்காம் நாள் சத்துணவு நேரத்தில் கோழிக்கடைக்காரர் மகளை அழைத்துக் கேட்டேன்.

"உன் ஃப்ரெண்டு ஏன் வரல?"

"வந்தா மிஸ். ரெண்டு நாளு வந்தா. கேட்டாண்ட நின்னுட்டு நின்னுட்டுப் போயிட்டா. அம்மா இல்லாம வரக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல."

"அம்மாவக் கூட்டிட்டு வர வேண்டியதுதானே?"

"பிப்ரவரி மிஸ். ரோஸ் கம்பெனில லீவு தர மாட்டாங்க. லவ்வர்ஸ் டேக்குப் பூவெல்லாம் ஃபாரினுக்குப் போவுமில்ல."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "அதுக்காக என்கிட்டயே சாக்குன்னு நக்கல் பண்ணுவாளா?"

அந்தப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"மிஸ், சாக்குன்னா போதும்னு மிஸ். கன்னடத்துல. போதும் மிஸ், வுட்டுடுங்கன்னு சொன்னா."

நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவளுக்குத் தமிழ் கொஞ்சூண்டுதான் மிஸ் வரும். படிக்கவே வராது. அங்க எல்லாம் கன்னட ஸ்கூலு. நீங்க சொல்றதயெல்லாம் நான்தான் சொல்லித் தந்துட்டிருந்தேன்."

"அந்த ஒத்தட…?"

"அழுத்தம் மிஸ். கன்னடத்துல அழுத்தத்துக்கு ஒத்தடன்னு சொல்வாங்களாம். அவ அங்கயே படிச்சிருக்கா. அன்னிக்கு நான் சொல்றதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிட்டா. அதான் அப்படிக் குதிச்சா."

"அன்னிக்கே ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"பேசினா பேரு எழுதுவீங்களே மிஸ்."

குற்றம் சாட்டும் தொனி எதுவும் அதில் இல்லை. விதியைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் பாரூர்ப் பக்கத்துக்காரி. ஏரி, வாய்க்கால், நெல், கரும்பு. அங்கே தமிழைத் தவிர வேறு பேச்சு காதில் விழுந்ததில்லை. அந்த வகுப்பில் பாதிப் பேருக்குச் சாக்கு என்ற சொல் தெரியும். சிரித்தவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள். அவளைப் பார்த்து இல்லை. கையை உயர்த்தி அதை எனக்குச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வராத அளவுக்கு வகுப்பை அடக்கி வைத்திருந்தேன்.

அன்று பள்ளி விட்டதும் அந்தப் பெண்ணிடம் வழி கேட்டுக்கொண்டு ரோஜாக் கம்பெனியின் லைன் வீடுகளுக்குப் போனேன். வெள்ளைப் பாலித்தீன் கூடாரங்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. தகரக் கூரை போட்ட வரிசையில் அவர்களுடைய கதவு பூட்டியிருந்தது. பக்கத்து ரூம் பெண்மணி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாப்பாவா? காத்தால அவங்கம்மா அத்தை வூட்டுக்கு பஸ் ஏத்தி வுட்டுட்டு வந்துட்டாங்க. ஸ்கூலுக்குப் போவாம ரெண்டு நாளா ரூமுக்குள்ளாறயே தாப்பாப் போட்டுக்கினு இருந்துச்சு. நான்தான் அவங்கம்மாகிட்ட சொன்னேன். பகலெல்லாம் இங்க லோடு ஏத்தறவனுங்க, டிரைவருங்க. வயசுக்கு வந்த புள்ளையத் தனியா எப்பிடி வுட்டுட்டுப் போவாங்க? நீங்க யாரு, டீச்சரா?"

ஆமாம் என்றேன்.

நம்பர் வாங்கி அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். பின்னால் கத்தரிக்கோல் சத்தமும் யாரோ எண்ணிக்கொண்டிருக்கும் சத்தமும் கேட்டன. "மிஸ், நான் வந்து பாக்கறேன் மிஸ், மன்னிச்சிக்குங்க, சூப்பர்வைசரு வர்றாரு," என்று வைத்துவிட்டார். யார் யாரை மன்னிப்பது என்று சொல்ல எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. கோழிக்கடைக்காரர் மகளிடம் ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டு வைத்திருந்தேன். தப்பு நந்து, ஸ்கூல்கெ பா. தப்பு என்னுடையது, பள்ளிக்கு வா. அதைச் சொல்ல ஆள் இல்லை.

தலைமை ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இந்தப் பக்கம் இதெல்லாம் சகஜம்மா, புள்ளைங்க வரும் போவும்," என்றார். பலகையில் பெயர் எழுதுவதை நிறுத்தினேன். ஸ்டிக்கர்களைத் தலைவியிடமே கொடுத்துவிட்டேன். ஆனால் வகுப்பு திரும்பப் பேசவில்லை. நான் உள்ளே நுழைந்தாலே அடங்கிவிடும். கல்லூரியிலிருந்து மதிப்பீட்டுக்கு வந்த பேராசிரியர், அரசுப் பள்ளியில் இப்படி ஒரு அமைதியைப் பார்த்ததில்லை என்று பாராட்டி எழுதிவிட்டுப் போனார்.

பிப்ரவரி கடைசியில் அந்த அம்மா வந்தார், மாற்றுச் சான்றிதழ் வாங்க. கம்ப்யூட்டரில் வேகமாகத் தட்டுவேன் என்பதால் அலுவலக வேலைகள் என்னிடம்தான் வரும். சான்றிதழை நிரப்பியதும் நானே. பெயர், பிறந்த தேதி, வகுப்பு. பிறகு மாணவரின் ஒழுக்கமும் பண்பும் என்று ஒரு கட்டம். எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற ஒரே சொல்லைப் போட வேண்டியதுதான். போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுல என்ன மிஸ் போட்டிருக்குது?"

"ஒழுக்கம் எப்படின்னு. நன்றுன்னு போட்டிருக்கு. நல்ல பொண்ணுன்னு அர்த்தம்."

அவர் பிரிண்டரிலிருந்து வந்த தாளை வாங்கிப் பார்த்தார். நிஜமாகவே புரியாமல் கேட்டார்:

"அப்புறம் எதுக்கு மிஸ் என்னைக் கூட்டியாரச் சொன்னீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேசியது பாடத்தைத்தான் என்று சொன்னேன், அவள் சொன்ன சொல் எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். அவர் பிளாஸ்திரி விரலால் தாளின் ஓரத்தை நீவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க ஸ்கூலுக்கு அனுப்பறாங்களா?" என்றேன்.

"கொழந்த நடக்க ஆரம்பிச்சதும் சேத்துவுடறேன்னு சொல்லியிருக்காங்க."

"வேணாம்மா. திரும்ப இங்கயே கூட்டிட்டு வாங்க. நான் அவள பாத்துக்கறேன். தமிழ் நானே சொல்லித் தர்றேன். சாயங்காலமும் கூட உக்காந்து சொல்லித் தர்றேன்."

"நீங்க எத்தினி நாளு மிஸ் இங்க இருப்பீங்க?"

"இன்னும் மூணு வாரம்."

"அதுக்கப்புறம்?"

சான்றிதழை மடிக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டார். அரை நாள்தான் லீவு, ஒரு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தலைமை ஆசிரியையின் காலி நாற்காலிக்கும் எனக்குமாகச் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு வெயிலில் இறங்கி நடந்தார்.